மச்சினனின் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர்

இன்று காலை பத்து மணிக்கு வில்லியனூரில் ஒரு பேனர் கடைக்குப் போனேன்.

உள்ளே தரையில் என் மச்சினன் தனசேகர் மல்லாந்து கிடந்தான்.

(பேனரில்தான். நீங்கள் பயப்பட வேண்டாம். நான் பயந்ததே போதும்!)

தனசேகர் என் மனைவி கஸ்தூரிக்கு ஒரே தம்பி. கரையாம்புத்தூரில் கரும்பு போட்டிருந்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில், தன் மோட்டார் கொட்டகை வாசலில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தான். கொலை என்று சொல்லிவிட்டார்கள். செய்தது யார் என்று மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை.

போலீஸ் விசாரித்தபோது ஊரே ஒரே பதிலைச் சொன்னது.

"மொத நாளு நாங்க அவர பாக்கவே இல்ல சார்."

ஆக, அவனைக் கடைசியாகப் பார்த்த ஆள், எழுத்துப்படி, நான்தான். முதல் நாள் மாலை நாலு பத்துக்கு, இதே வில்லியனூரில், ஒரு கண்ணாடிக் கடை வாசலில்.

(நேரம் எப்படித் தெரியும் என்றால், சர்வே ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். டைரி எழுதாவிட்டால் சோறு இறங்காது.)

பழைய கண்ணாடி உடைந்து ஒரு வாரமாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரிந்தவனுக்கு அன்றுதான் புதுசு வந்தது. கறுப்பு நிறத்தில் பட்டையான ஃப்ரேம். கடையிலேயே போட்டுக்கொண்டான். அவனுடைய இடது கண் பக்கம், லென்ஸ் ஓரத்தில், கம்பெனியின் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"அத பிரிச்சுடுடா, கண்ண மறைக்கும்."

"இருக்கட்டும் மாமா. பிரிச்சா பழசாயிடும்!"

(பைக் சீட்டின் பிளாஸ்டிக் கவரை இரண்டு வருடம் பிரிக்காமல் ஓட்டியவன் அவன்.)

பைக்கை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலை அவன் முகத்தில் கண்ணாடி இல்லை. கொட்டகையிலும் இல்லை. நான் அதைச் சொன்னபோது ஸ்டேஷனில், "எங்கியாச்சும் வுழுந்திருக்கும் பெரியவரே" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றிவிட்டது. என் சுபாவம் அது.

இன்று நான் போனது எங்கள் குடும்பத்தின் நினைவஞ்சலி பேனருக்கு ஆர்டர் கொடுக்க. தரையில் விரித்திருந்தது வேறொருவர் அடிக்கச் சொன்னது. தனசேகரின் பக்கத்து நிலத்துக்காரர்.

(பெயரை எழுதவில்லை. நாகரிகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் தைரியம் இல்லை.)

வருடா வருடம் 'ஆருயிர் நண்பனே' என்று ஒரு பேனர் வைப்பார். முதல் இரண்டு வருடம் நாங்கள் கொடுத்த கல்யாணப் போட்டோவைப் போட்டார்.

இந்த வருடம் வேறு போட்டோ. தனசேகர் சிரிக்கிறான். முகத்தில் கறுப்புப் பட்டை ஃப்ரேம்!

என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கறுப்பு ஃப்ரேம் உலகத்தில் ஒன்றுதானா? கிழவனுக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரியலாம். ஆனாலும் டிசைன் செய்யும் அம்மாவிடம் கேட்டேன்.

"இந்தப் போட்டோ யாரு குடுத்தாங்கம்மா?"

"அவரேதான் சார். பழச பெருசாக்குனா புள்ளி புள்ளியா ஒடையுது, வேற குடுங்கன்னேன். செல்லுல தேடி வாட்ஸ்அப்ல அனுப்புனாரு."

"எப்ப எடுத்ததுன்னு தெரியுமா?"

"வாட்ஸ்அப்ல வந்ததுக்கு தேதி கீதி இன்னா சார் தெரியும்? இதுவே பெரிய வேல. பின்னாடி ஒரே கரும்பு, எல்லாத்தையும் தூக்கிட்டேன். கண்ணாடியில வேற வெள்ளையா ஒரு புள்ளி. அழுக்குன்னு அதையும் தொடச்சிட்டேன்."

நான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன்.

"தொடைக்காதது இருக்கா?"

கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். பின்னால் கரும்பு. சாயும் வெயில். அவனுடைய இடது கண் பக்கம், லென்ஸ் ஓரத்தில், வெள்ளை ஸ்டிக்கர்.

அந்தக் கண்ணாடியோடு தனசேகர் உயிரோடு இருந்தது ஒரே ஒரு சாயங்காலம்தான்.

பக்கத்து நிலத்துக்காரர் அப்போது ஸ்டேஷனில் சொன்னது: "நான் கடலூர்ல இருந்தேன். ரெண்டு நாளா அவன பாக்கவே இல்ல."

வேறு யாராவது எடுத்து இவருக்கு அனுப்பியிருக்கலாம். இருக்கலாம். அப்படியானால் அந்த யாரோ யார்? மூன்று வருடமாக இருவரும் ஏன் மூச்சு விடவில்லை?

போட்டோவை ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் சொன்னேன். நாலு நாள் யோசித்துச் செய்யலாம் என்றும் சொன்னேன்.

"மூணு வருஷமா யோசிச்சது பத்தாதா? கேசு இன்னாச்சு அக்கான்னு மாசா மாசம் வந்து எங்கையால காபி வாங்கிக் குடிச்சிட்டுப் போறானே, அவன் வந்தது துக்கம் கேக்கவா, துப்பு கேக்கவா? சட்டைய மாட்டுங்க மொதல்ல!"

மாட்டினேன்.

ஸ்டேஷனில் மனு கொடுத்து, முத்திரை வைத்த ரசீது வாங்கினோம். பென்டிரைவில் மூன்று பிரதி. ஒன்று ஸ்டேஷனில், ஒன்று வக்கீலிடம். (மூன்றாவது எங்கே என்று சொல்ல மாட்டேன்!)

"ஒரு போட்டோவ வெச்சி இன்னா சொல்ல முடியும் பெரியவரே? பாக்கலாம்."

நான் தலையாட்டினேன். கஸ்தூரி ஆட்டவில்லை.

"நீங்க பாருங்க சார். நாங்க ஊருக்கே காட்டிட்டுப் பாக்குறோம்."

அதனால்தான் இந்தப் பதிவு. துடைக்காத போட்டோவைக் கீழே போட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் இந்தக் கண்ணாடியோடு தனசேகரை யாராவது பார்த்தீர்களா? யாரோடு பார்த்தீர்கள்? இங்கே எழுதப் பயமாக இருந்தால் தனியாக எழுதுங்கள். பயத்தைப் பற்றி என்னிடம் கூச்சப்பட வேண்டியதில்லை.

பின்சேர்க்கை: என் எல்லாப் பதிவுக்கும் முதல் லைக் பக்கத்து நிலத்துக்காரருடையதுதான். நான் போடும் காலை வணக்கப் பூவுக்குக்கூட! இதைப் போட்டு ஒரு மணி நேரம் ஆகிறது. அவரைக் காணோம்.

வேலையாக இருப்பார், போனை எடுத்திருக்க மாட்டார் என்று கஸ்தூரியிடம் சொன்னேன்.

அவள் என் செல்லை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க, அவன் பேருக்குப் பக்கத்துல பச்சப் புள்ளி எரிஞ்சிக்கினே இருக்குதே!"