ஹெனியாவின் தோளில் ஏறியவள்

பதின்மூன்று வயதில் ஹெனியாவின் இடது தோள் இறங்கியது. வலப்பக்கத் தோள்பட்டை எலும்பு, அங்கிக்குள் சிறகு முளைப்பதுபோலத் துருத்தியது. செஃப்ரூ ஊரில் எங்கள் சந்துப் பெண்கள் அதை முதலில் கண்டது ஹம்மாம் என்னும் பொதுக் குளியல்கூடத்தில்தான். நீராவிக்குள் குனிந்திருந்தவளின் முதுகில் ஊற்றிய வெந்நீர் நேரே இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து ஓடியது.

"ஃபத்னா, உன் மக தோள்ல யாரையோ தூக்கிட்டுத் திரியிறா" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தங்கள் வாளிகளைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

தாய் ஃபத்னாவுக்கு உடனே நினைவு வந்தது. பிஸ்மில்லா சொல்லாமல் மகள் ஒருநாள் கொதிநீரைச் சாக்கடைத் துளையில் கொட்டியிருந்தாள். கீழே குடியிருந்த ஜின்னின் குழந்தை வெந்துபோனது. அதன் தாய் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சந்து தீர்ப்பு சொல்லி முடித்தது.

பள்ளிக்கு வந்த மருத்துவர் ஹெனியாவைக் குனியச் சொல்லிப் பார்த்தார். முதுகெலும்பு வளைகிறது, வளர்ச்சி நிற்பதற்குள் உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவசம் போட்டால் அது மேலும் வளையாமல் தடுக்கலாம், தாமதித்தால் மூச்சையே நெருக்கும் என்றார்.

"பிளாஸ்டிக்க மாட்டினா உள்ள இருக்கறவ எப்படி வெளிய போவா? எம்புள்ளையக் கொன்னுடுவா!" என்றாள் ஃபத்னா.

"வலிக்குதும்மா. வாங்கிக் குடும்மா."

"வாய மூடு. பேசறது நீயா அவளான்னு யாரு கண்டா?"

தர்காவுக்கு இழுத்துப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரியான நானும் போனேன். சாம்பிராணிப் புகைக்குள் பெண்கள் கைதட்டிப் பாட, ஹெனியா சாய்ந்தாள். எழுந்தபோது கண் இமைக்கவில்லை. வந்தது ஒரு கிழவியின் கரகரத்த குரல்.

"குளிருதுடி ஃபத்னா. டாக்டர் சொன்ன கவசத்த மாட்டு. மாட்டுனா ஆடாம அசையாம இருப்பேன். இல்லேன்னா அடுத்து உன் தோள்தான்."

ஃபத்னா தரையில் விழுந்து, மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லால் கெஞ்சினாள். "சரிங்க லல்லா, வாங்கிடறேன் லல்லா!"

அந்த மாதமே கவசம் வந்தது. படித்த மருத்துவரை நம்பவில்லை, அழுத பிள்ளையை நம்பவில்லை. இல்லாத ஒருத்தியின் சொல்லுக்கு ஓடினார்கள். தன் வலியைச் சொல்ல ஒரு சிறுமி இன்னொருத்தியின் வாயைக் கடன் வாங்க வேண்டியிருந்ததே என்று இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

வளைவு அதற்குமேல் ஏறவில்லை. ஹெனியா இப்போது அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறாள். இடது தோளில் மட்டும் கைப்பை நிற்காது. சென்ற ரமலானில் நோன்பு திறந்து ஹரீரா சூப் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"கில்லாடி! அந்தக் குரல எங்கடி புடிச்ச?"

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எந்தக் குரல் லல்லா? புகையில மயங்கி விழுந்தேன். முழிச்சப்ப அம்மா என் காலப் புடிச்சிட்டு அழுதுட்டிருந்தா. நான் ஒரு வார்த்தகூடப் பேசலயே."