எச்சில் கேட்டுக் கொட்டாஞ்சேனைக்கு

சண்டை மறுபடி மூண்டு, கொழும்பில் தமிழர்கள் வாய் திறக்கவே யோசிக்கும் நேரத்தில், ஒருவரிடம் போய் வாயைத் திறக்கச் சொன்ன மடையன் நான்தான். எல்லாம் அப்பாவால் வந்தது. டொரன்டோவில் இரண்டாவது மாரடைப்பு வந்த பிறகு, தன் சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று அறியாமல் கண்மூட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அந்தச் சித்தப்பா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிக் கலியாணம் கட்டியதால் யாழ்ப்பாணத்து வீட்டார் தலைமுழுகியவர். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தார் என்பது மட்டும்தான் தெரியும்.

மரபணுச் சோதனைக் கம்பெனி ஒன்றைப் பிடித்தேன். குடும்பப் பெயரைத் தட்டினால் சொந்தக்காரர் வருவார்களாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் பெயரோடு நிற்பது அப்பாவின் பெயர், அப்பாவின் பெயரோடு நிற்பது அவருடைய அப்பாவின் பெயர். இதை எத்தனை தரம் விளக்கி எழுதினாலும், அந்தப் பெயரில் எவரும் இல்லை என்றே பதில் வந்தது. கடைசியில், தகப்பன் வழி ஆண் ஒருவரின் கன்னத்து உட்புறத்தைத் தேய்த்து அனுப்பச் சொல்லிப் பஞ்சுக் குச்சிகள் தந்தார்கள்.

வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கினேன். வெளியிலிருந்து வரும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும், முதல் நாள் அந்தப் பதிவுக்கே போய்விட்டது. வந்த காரணம் கேட்டார்கள். நான் மரபணு என்று தொடங்க, மாமா என் காலை மிதித்துவிட்டுக் கோயிலுக்கு என்றார். கொட்டாஞ்சேனையில் அந்தோனிப்பிள்ளை என்று, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய தகப்பன் எங்கள் ஊர் என்று விசாரித்துச் சொன்னவரும் மாமாதான். (பெயரை மாற்றியிருக்கிறேன். உண்மைப் பெயர் கேட்டு எழுதாதீர்கள்.)

காலி வீதியில், கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ் எடுத்தேன். பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு சிப்பாய் பஞ்சுக் குச்சியை முகர்ந்து பார்த்தார். காது குடைய என்றேன்.

அந்தோனிப்பிள்ளை அப்பாவின் சித்தப்பா மகன் என்றால் எனக்குச் சித்தப்பா முறை. அப்பாவின் அதே மூக்கு, பார்த்தால் சோதனையே தேவையில்லை. கதவைச் சாத்திவிட்டு, தேத்தண்ணி தந்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, போன கிழமை பொலிஸ் வந்து, யாழ்ப்பாணத்தில சொந்தம் ஆர் இருக்கினம் எண்டு கேட்டது. ஒருத்தரும் இல்லை எண்டு கையெழுத்து வைச்சனான். பக்கத்து வீட்டுப் பொடியனைக் கொண்டுபோய் இன்னும் விடேல்லை. இப்ப நீர் வந்து, இருக்கினம் எண்டு எழுத்தில எடுத்துத் தரப் போறீரோ?”

எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. இவ்வளவு தூரம் பறந்து வந்து, மூக்கு எதிரே இருக்க, எச்சில் கிடைக்கவில்லை. ஆனால் யாரோடு கோபிப்பது? குச்சிகளைப் பைக்குள் திணித்தேன்.

“அப்பாவுக்குச் சாப்பாடு இறங்குதோ?” என்று கேட்டார். கஞ்சி மட்டும் என்றேன்.

வாசலில், என்னை அறியாமலே “வாறன் சித்தப்பா” என்றுவிட்டேன். அவர் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“வெளியில ஐயா எண்டு கூப்பிடும்,” என்றார் மெதுவாக.

இப்படித் தேடிப் போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாஸ்போர்ட்டும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள். பஞ்சுக் குச்சியைக் கொண்டுபோகாதீர்கள், எச்சில் எங்கும் ஓடிவிடாது. திரும்பும்போது யாரைப் பார்க்கப் போனாய் என்று சோதனைச்சாவடியில் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். தெரிந்த ஐயா ஒருவரை என்றேன்.