டிபன் டப்பாவில் வந்த மண்

நீலாவதிக்கு மனிதர்களில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரோடு அவள் பேசுவதே கிடையாது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்ன பொம்மைக் கம்பெனியில் அவளுக்குப் பிசிறு தட்டுகிற வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் கோடு ஒன்று துருத்தி நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். "கடவுளுக்கே நான் தொடைச்சி வுட்டாத்தான் மூஞ்சி" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டாள்.

அதே கம்பெனியில் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவள் சொர்ணாம்பாள். அவளுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. மழை எப்போது வரும், யார் வீட்டுப் பெண் யாரோடு போவாள், எந்த மாத்திரை சூடு என்பதெல்லாம் தெரியும். தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். சூளைக்குத் தட்டு தூக்குகிற அவள் மகன் திலீபன், ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த பூர்ணிமாவைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறான் என்பது. வந்த பிறகு அதுவும் முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

பூர்ணிமாவின் அப்பா அம்மா தலைமுழுகிவிட்டார்கள். தாலி ஏறியது, வயிறும் நிறைந்தது. ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் அவளைக் கூட்டிப் போகவில்லை. வயது பதினேழு. ஆடி மாதம் பதினெட்டு முடியும், முடிந்ததும் ராணி மாதிரி ஆட்டோ வைத்துக் கூட்டிப் போகலாம் என்று சொர்ணாம்பாள் திட்டம் போட்டிருந்தாள். நர்ஸம்மா தெருவுக்கு வருகிற அன்றைக்குப் பெண் உள் அறையில் பூட்டப்பட்டிருப்பாள். பிள்ளை ஆனியிலேயே வந்துவிடும் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் விரல் விட்டுப் பார்க்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்த சொர்ணாம்பாள், டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, அரவை மில்லுக்கு அடியில் காய்ந்து கிடந்த வெள்ளை மண் கட்டிகளைப் பொறுக்கி அதில் போட்டாள்.

"என்னா, வூட்லயும் பொம்ம ஊத்தப் போறியா?" என்றாள் நீலாவதி.

"மருமவளுக்கு. மசக்க வுடவே மாட்டேங்குது, மண்ணு மண்ணுன்னு கேக்குது. செவுத்த நக்குதுடீ. தெரு மண்ணத் திங்க வுட முடியுமா? இது மெசின்ல அரைச்சது. சுத்தம்."

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பாள் என்று ஒருத்தி சொல்லவும் செய்தாள். சொர்ணாம்பாள் முகம் கிளேஸ் போட்டது மாதிரி மின்னியது.

நீலாவதி கையிலிருந்த பொம்மையின் காது உடைந்தது. பதினாறு வயதில் அவளும் செங்கல் சுரண்டித் தின்றவள். மசக்கை என்றுதான் அப்போதும் சிரித்தார்கள். அழத் தெம்பில்லாத ஒரு பிள்ளை பிறந்தது. தீட்டுக் கழிவதற்குள் போய்விட்டது. ரத்தம் இல்லாத உடம்புதான் மண்ணைக் கேட்கும் என்று அதற்குப் பிறகு ஒரு டாக்டரம்மா சொன்னார். சிரித்தவர்கள் யாரும் அதைக் கேட்க அங்கே இல்லை.

சாயங்காலம் நேராகச் சொர்ணாம்பாள் வீட்டுக்குப் போனாள். கட்டிலில் படுத்து செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த திலீபன் காலைக்கூட மடக்கவில்லை. பூர்ணிமா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள் நீலாவதி. சுடாத பொம்மை மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"மூச்சு வாங்குதாடி?"

"நடந்தா வாங்குதுக்கா. அத்த படுத்துக்கச் சொல்லியிருக்காங்க."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள் சொர்ணாம்பாளிடம்.

"வயசு கேப்பாங்க. போலீஸு வரும். ஆடியில பதினெட்டு முடியட்டும், போலாம். இப்பவே எம்மவன் உள்ள போவணும், அதான ஒனக்கு?"

"ஆடி வரைக்கும் உள்ளயே இருடான்னு புள்ளகிட்ட சொல்லி வச்சிருக்கியா?"

சொர்ணாம்பாள் அப்போதுதான் மனதுக்குள் கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் கோபம் வந்தது. கணக்கு தப்பினால் அவளுக்குக் கணக்குச் சொன்னவர்கள் மேல்தான் கோபம் வரும்.

"ஒன் கண்ணு பட்டுத்தான் அது வெளுத்துப் போச்சி. பெத்தத வாரிக் குடுத்தவ, அடுத்தவ வயித்தப் பாக்க வந்துட்டா. நாளைக்கே கொளஞ்சியப்பர்கிட்ட ஒம்மேல பிராது கட்டறேன்."

"கட்டு. ஒம் மவன் உள்ள போனா திரும்பி வருவான். இவ போனா வருவாளான்னு அதுல சேத்து எழுது."

மறுநாள் சொர்ணாம்பாள் சொன்னபடியே செய்தாள். லீவு போட்டு, தலை குளித்து, மணவாளநல்லூர் பஸ் ஏறினாள். வழக்கைச் சாமியிடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அவர் விசாரித்துத் தீர்ப்பார் என்பது அந்தக் கோயிலின் நம்பிக்கை. துணைக்குத் திலீபனையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். நீலாவதிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்தி, பூர்ணிமாவைக் கைத்தாங்கலாக ஏற்றினாள்.

"அத்த திட்டுவாங்கக்கா."

"திட்டறதுக்கு நீ உசுரோட இருக்கணும். ஏறு."

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த நர்ஸம்மா மறுபடியும் ஒரு முறை பார்த்தார். "ரத்தம் ஆறு பாயிண்ட்டுகூட இல்ல. எப்படிம்மா நடந்து வந்த?" என்றவர், வயதைக் கேட்டார். பூர்ணிமா நீலாவதியைப் பார்த்தாள்.

"உள்ளதச் சொல்லு" என்றாள் நீலாவதி.

சட்டப்படி தகவல் சொல்ல வேண்டிய இடத்துக்குப் போன் போனது. ஒரு பக்கம் ரத்தம் ஏறியது. சொர்ணாம்பாள் நெற்றி நிறைய விபூதியோடு வந்தபோது, போலீஸ்காரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திலீபன் உள்ளே போனான். உள்ளே போகும்போதும் செல்போனைக் கொடுக்க மாட்டேன் என்றுதான் அழுதான்.

ஆனி பிறந்ததும் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு; கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஆனால் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. நீலாவதி ஒரு முறைதான் எட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

திலீபன் ஜாமீனில் வந்தான். தெருவின் தீர்ப்பில் குற்றவாளி நீலாவதி. பெண்ணைப் பூட்டி வைத்தது பாசம், மண் கொடுத்தது பக்குவம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது துரோகம். "கொளஞ்சியப்பர் கேட்டுட்டாரு, அதான் புள்ள பொழச்சிது" என்று சொர்ணாம்பாள் கம்பெனியில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். நீலாவதியைத் தாண்டிப் போனாள். அவள் மேல் கட்டிய பிராதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

தை மாதம், மாமியாருக்குச் சோறு கொண்டுவந்த பூர்ணிமா, இடுப்பில் குழந்தையோடு நீலாவதியின் பக்கம் வந்து நின்றாள். அரவை மில்லுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியைப் பழக்கத்தில் எடுத்தாள். மூக்கருகே கொண்டு போய், முகத்தைச் சுளித்துக் கீழே போட்டாள்.

"இதப் போயி எப்பிடிக்கா தின்னேன்? இப்ப வாடயே புடிக்கல."

நீலாவதி குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது.

"அத ஒன் மாமியார்கிட்டப் போயிச் சொல்லு" என்றாள். "சத்தமா சொல்லு."