மைனஸ் பக்கம்

போட்டோக்காரருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் விளக்கை நகர்த்துவார், திரைச்சீலையை இழுப்பார், கேமராவின் எக்ஸ்போஷர் சக்கரத்தை உருட்டுவார். பிளஸ் பக்கம் போனால் படம் வெளுக்கும், மைனஸ் பக்கம் போனால் கறுக்கும். எவ்வளவு உருட்டினாலும் சக்கரம் பிளஸ் இரண்டில்தான் வந்து நிற்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். அதைச் சரிக்கட்டப் பிளஸ் ஒன்றே தாராளம். மிச்ச ஒன்று வாடிக்கையாளரைக் குளிர வைக்க. "நம்ம கடையில எடுத்தா ஒரு சுத்து கலர் கூடிடும்" என்று பீற்றிக்கொள்வார்.

அந்தப் பீற்றல் அன்று அவர் மனைவியின் வேலைக்கே உலை வைத்தது. நர்ஸ் வேலைக்கு அவள் அனுப்பிய விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. அடையாள அட்டையில் இருக்கும் முகமும் அவர் எடுத்துக் கொடுத்த போட்டோவில் இருக்கும் முகமும் பொருந்தவில்லையாம். ஐந்து மணியோடு கெடு முடிகிறது. இப்போதே மணி நாலரை.

"உக்காரு, உக்காரு. தாடைய இறக்கு."

"நான் உக்காந்துதான் இருக்கேன். நீங்கதான் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறீங்க."

கைப்பழக்கத்தில் பிளஸ் இரண்டிலேயே எடுத்துவிட்டார். அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, இது யாரு?"

அவர் கன்னத்தை மட்டும் அளக்கும்படி மீட்டரை ஸ்பாட்டுக்கு மாற்றினார். சக்கரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி எடுத்தார். அப்போதும் வெளுப்புத்தான். கறுத்த கன்னத்தைக் கண்டால் மீட்டர் அதைச் சாம்பல் நிறத்துக்கு வெளுக்க வைக்காமல் விடாது. இனி மைனஸ் பக்கம்தான் போக வேண்டும். இருபது வருடத்தில் ஒரு முகத்துக்கும் அவர் அங்கே போனதில்லை. கை கூசியது. மணி நாலே முக்கால். பல்லைக் கடித்துக்கொண்டு மைனஸ் ஒன்றில் வைத்து அழுத்தினார்.

திரையில் அவள் இருந்தாள். கண்ணுக்குக் கீழே இருக்கும் மச்சம்கூடத் தெரிந்தது. ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில் விண்ணப்பம் ஆன்லைனில் ஏறிவிட்டது.

போட்டோக்காரர் அப்பாடா என்று உட்கார்ந்தார். "இதையாவது பிரேம் போட்டு மாட்டலாமா? நான் எடுத்த ஒண்ணையும் நீ மாட்ட விட்டதில்லையே."

"அதுல ஒண்ணுலயும் நான் இல்லையேங்க."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"அண்ணே, பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணு. கொஞ்சம் கலரா எடுங்க."

மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள். அவருடைய கட்டைவிரல் சக்கரத்துக்குப் போயிற்று. எந்தப் பக்கம் உருட்டுவதென்று முதல்முறையாக அவருக்குத் தெரியவில்லை.