சத்தம் கூட்டப் போய்

நானும் என் மனைவியும் அரிமளத்தில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறோம். நான் நிரல் எழுதுகிறவன். அவள் அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கிறவள். இந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டைப்பட்டினத்தில் அவளுடைய அண்ணனுக்கு விசைப்படகு இருக்கிறது. தெரியாமல் கடல் எல்லையைத் தாண்டி, அக்கரையில் பிடிபட்டு, சிறையிலிருந்து திரும்பி வந்தவர். இன்னொரு தரம் அது நடக்கக் கூடாது என்று, எல்லை நெருங்கினால் அலறும் சின்னக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தேன். இன்ஜின் இரைச்சலில் சத்தம் பத்தவில்லை என்றார்.

நிரலின் எந்தப் பகுதி கருவிக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்வது பில்டு ஸ்கிரிப்ட். அதில் அலாரம் என்ற மாறிக்கு ‘ஆன்’ என்றிருந்த மதிப்பை, சத்தம் கூடட்டும் என்று ‘லவுட்’ என மாற்றினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

படகு கடலுக்குப் போகும் முன், கரையிலேயே இன்ஜினை ஓட்டிச் சோதனைப் பொத்தானை அழுத்தினோம். ஒன்றும் கேட்கவில்லை. இந்த இரைச்சலில் எங்கே கேட்கும் என்று மச்சான் கையை உதறினார். பெரிய ஸ்பீக்கராக வாங்கிவிடலாம் என்றேன் நான். அவள் மட்டும் இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். இன்ஜின் நின்றதும் காக்கை கத்துவதுகூடக் கேட்டது. பொத்தானை அழுத்தியும் அலாரம் கேட்கவில்லை.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து பார்த்தவள், “அலாரத்தைச் சேக்கணுமான்னு பாக்குற நிபந்தனைக்குள்ள மாறியோட பேரைப் போடாம, அதோட மதிப்பை எடுத்துப் போட்டுருக்கீங்க,” என்றாள்.

‘ஆன்’ அந்த ஸ்கிரிப்ட் மொழிக்கு முன்பே தெரிந்த மாறிலி. ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும். ‘லவுட்’ தெரியாது. அதனால் அதை இன்னொரு மாறியின் பெயராக நினைத்துத் தேடும். அப்படி ஒரு மாறி கிடையாது. கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று முடிவுகட்டி அலாரம் பகுதியையே விட்டுவிடும். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது. எங்கள் இருவருக்கும் சத்தம் கேட்காததற்குக் காரணம் தயாராக இருந்தது. இவளுக்கு அந்தக் காரணம் போதவில்லை. மதிப்பை எடுக்கச் சொல்லி நான் போட்டிருந்த டாலர் குறியையும் அடைப்புக்குறியையும் அழித்து, மாறியின் பெயரை மட்டும் விட்டாள். திரும்ப பில்டு செய்து ஏற்றினோம். ஓடுகிற இன்ஜினையும் மீறி அலாரம் அலறியது. பக்கத்துப் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் சிரிக்கவில்லை. தங்கையிடம் மெதுவாகச் சொன்னார்: “நீ நிறுத்தச் சொல்லலைன்னா, இன்ஜின் சத்தத்துல கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டே அங்கிட்டுத் தாண்டிப் போயிருப்பேன், ஆத்தா.”

அவள் பொத்தானை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள்.