நாரைகளுக்கு எதிராக மூன்று நாள்

போங் தேக்-சுவுக்கு ஐம்பத்தைந்து வயது. குன்சான் துறைமுகத்துக்குப் பின்தெருவில் வீடு. மின்பலகை லாரி ஓட்டிப் பிழைக்கிறவர். லாரியின் மூன்று பக்கமும் ஆள் உயரத் திரை. புதுக் கடை திறந்தால் அதன் விளம்பரம் ஓடும், தேர்தல் வந்தால் வேட்பாளர் முகம் ஓடும். இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருவருக்கும் முகம் கோணாமல் போய்வருவார்.

அவருக்குக் கட்சி என்று ஒன்று இருந்தால் அது குன்சான் நாரைகள்தான். ஊரில் அந்த பேஸ்பால் அணி தொடங்கியபோது அவர் மீன் ஏலக்கூடத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து முப்பத்து மூன்று வருஷத்தில் அணி ஒரே ஒரு முறை கோப்பை வென்றது. அந்த இறுதி ஆட்டத்துக்கு அவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மைதானச் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே எழுந்த கூச்சலை வைத்து யார் அடித்தார்கள் என்று ஊகித்தபடி ஆட்டத்தை முடித்தார். அதற்குப் பின் வந்த வருஷங்களை நினைத்தாலே அவருக்கு வயிறு எரியும். ஒவ்வொரு மே மாதமும், இனி இந்தப் பயல்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்வார். ஜூனில் ஓர் ஆட்டம் ஜெயித்தால் சபதம் காற்றில் போய்விடும்.

"குடிகாரன்கூட ரெண்டு மாசம் தாக்குப் பிடிப்பான்" என்பாள் மனைவி ஓக்-ரியே. அவள் சோயாவில் ஊறிய நண்டு பரிமாறும் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறவள். ஆட்டம் தோற்ற நாளில் அவர் தட்டில் ஒரு நண்டு கூடுதலாக இருக்கும். இந்த ஜூலையில் பதினாலு நாள் தொடர்ந்து நண்டு தின்றார்.

பதினாலாவது தோல்விக்கு மறுநாள் காலை அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவள் சோன் காராம் என்ற பெண். பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாளாம். நாரைகளின் ரசிகர்கள் நானூறு பேர் சேர்ந்து பணம் போட்டிருக்கிறார்கள். அணியை நடத்தும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் சியோலில் இருக்கிறது. செவ்வாய் முதல் வியாழன் வரை அதன் முன்னால் லாரி சுற்ற வேண்டும். திரையில் ஓட வேண்டிய வாசகங்களை அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"பதினாலு தோல்வி, ஒரு மன்னிப்புகூட இல்லை. பொறுப்பை ஏற்றுக்கொள். மேலாளரே, விலகு. அப்புறம் நாலாவது, தோ ஜின்பே, கிழவா, வீட்டுக்குப் போ."

எழுதிக்கொண்டிருந்த தேக்-சுவின் பேனா நின்றது. தோ ஜின்பே அணியில் செகண்ட் பேஸ் என்கிற இரண்டாம் தளத்தைக் காக்கிற ஆட்டக்காரன். வயது முப்பத்தெட்டு, முழங்கால் போய்விட்டது, பந்து அவனைத் தாண்டி உருண்டுகொண்டே இருக்கிறது. அதெல்லாம் உண்மைதான்.

"நாலாவது ஓடாதும்மா."

"ஏன் சார்? திரையில இடம் பத்தாதா?"

"இடமெல்லாம் இருக்கு. ஜின்பே பதினேழு வருஷமா இங்கதான் ஆடுறான். பெரிய டீம் கூப்பிட்டப்பகூடப் போகல. அந்த இடத்துக்கு வேற ஆளப் பிடிக்காதது ஆபீஸ்ல இருக்கறவன் தப்பு. அவனத் திட்டுங்க, நான் கூடவே ஹாரன் அடிக்கிறேன்."

"டிரைவர் சார், நீங்களும் நம்ம ஆளா?" என்று கேட்டாள்.

"முப்பத்து மூணு வருஷம்."

"ஐயோ பாவம்" என்றாள் காராம். நாலாவது வாசகம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் கிளம்பி, அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு சியோலில் இருந்தார். இருபத்திரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம். லாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. மேலேயிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள், சிலர் போனில் படம் எடுத்தார்கள். முதல் நாலு சுற்றில் தேக்-சுவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் நடைபாதையில் போகிறவர்கள் அவர் கண்ணில் பட்டார்கள். அவர்கள் திரையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். வீட்டுச் சண்டையை நடுரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது போல அவருக்குக் கூசியது.

மதியம் குளிர் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் அலுவலக அட்டை தொங்கவிட்ட இரண்டு இளைஞர்கள்.

"அந்த லாரியப் பாத்தியா? நாரைகளாம். அந்த டீம் இன்னும் இருக்கா?"

"இல்லாம? நம்ம டீம் பயிற்சி எடுக்க வேணாமா?"

தேக்-சு கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தம்பி, போன ஆகஸ்ட்ல மூணு நாள் வரிசையா உங்கள யாரு கவுத்தாங்க, ஞாபகம் இருக்கா? கடைசி நாள் ஒன்பதாவது இன்னிங்ஸ்ல உங்க பிட்சர் அழுதானே?"

அவர்களில் ஒருவன் வெளியே நின்ற லாரியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, அந்த லாரி உங்களதுதானே? காலையிலேருந்து நீங்கதானே அவங்களக் கிழிச்சுட்டு இருக்கீங்க?"

"நான் கிழிப்பேன். நீ யாருய்யா கிழிக்க?"

கடைக்காரம்மா கடுகுக் குப்பியை நகர்த்திவைக்கும் சாக்கில் நடுவில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. தேக்-சு பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து போய், அதே லாரியில் ஏறி, அதே வாசகங்களை ஓடவிட்டு, மறுபடி சுற்றத் தொடங்கினார்.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கட்டடத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் ஐஸ் காபி இரண்டு. விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்துத் தேக்-சு கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"பேஸ்பால் பிரிவுல வேலை பாக்குறேன். மியோங்னு பேரு" என்று சொல்லி ஒரு காபியை நீட்டினார். "ரெண்டாவது வாசகத்துல ஒரு எழுத்து விட்டுப்போச்சுங்க. நேத்துலேருந்து அப்படியே ஓடுது. எல்லா மாடியிலயும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க."

தேக்-சு இறங்கிப் பார்த்தார். 'பொறுப்பு' என்ற சொல்லில் ஓர் எழுத்தைக் காணோம். அவரே தட்டச்சு செய்தது. காது சிவந்துவிட்டது.

"சரி பண்ணிடுங்க. அவங்க விஷயத்தப் பாத்து வருத்தப்படணும், எழுத்துப் பிழையப் பாத்துச் சிரிக்கக் கூடாது" என்றார் மியோங்.

"நீங்க அந்தப் பக்கத்து ஆள்தானே?"

"இரண்டாம் தளத்துக்கு ஆள் வேணும், பந்து வீச ரெண்டு பேர் வேணும்னு ஏப்ரல்ல பதினெட்டுப் பக்கம் எழுதிக் குடுத்தேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க." அவர் காபியை ஒரே மூச்சில் உறிஞ்சினார். "நான் வந்தத யாருகிட்டயும் சொல்லாதீங்க. நானும் குன்சான்தான். எங்கப்பா எனக்குப் போன் பண்ணியே ரெண்டு வாரம் ஆச்சு."

அன்று மாலை ஆட்டம் குன்சானில் நடந்தது. லாரிகள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து தேக்-சு வானொலியில் கேட்டார். ஐந்தாவது இன்னிங்ஸ் முடியும்போது நாரைகள் மூன்று, எதிரணி இரண்டு. ஆறாவதில் எதிரணி மூன்று தளங்களையும் நிரப்பியது, ஒருவர்கூட அவுட்டாகவில்லை. அந்த நேரம் பார்த்து வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. நடுவர்கள் காத்துப் பார்த்தார்கள். மழை விடவில்லை. ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டதால் ஆட்டம் செல்லும்; நாரைகளுக்கு வெற்றி. தேக்-சு லாரிக்குள்ளேயே எழுந்து குதித்து, தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார்.

வியாழன் காலை காராமின் குரல் கம்மிப்போயிருந்தது, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. "சார், குழுவுல ஒரே சண்டை. ஜெயிச்சாச்சே, லாரியத் திருப்பிக் கூப்பிடுங்கன்னு பாதிப் பேர். கூடாதுன்னு பாதிப் பேர். நீங்க என்ன சொல்றீங்க?"

"ஜெயிச்சது மழைம்மா. இன்னும் ஒரு பந்து போட்டிருந்தா நாலு ரன் போயிருக்கும். நான் சுத்துறேன்." கொஞ்சம் தயங்கி, "ஆனா என் பேருல ஒரு வரி போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"தாராளமாப் போடுங்க. என்ன வரி?"

"நம்ம மைதானத்துல மூணாம் தளத்துப் பக்கம் பொம்பளைங்க கழிவறை நாலு வருஷமா ஒழுகுது. வீட்டுல மைதானத்துக்கு வரமாட்டேங்கிறா."

காராம் சிரித்த சிரிப்பில் தொண்டை இன்னும் போயிற்று. "ஐயோ சார், அதை முதல்ல போடுங்க. நான் ஆட்டத்தன்னைக்குத் தண்ணியே குடிக்கிறதில்ல."

அன்று முழுவதும் சியோலின் வெயிலில் அந்த வரி மற்ற மூன்றுக்கும் மேலே ஓடியது: மைதானத்தில் மூன்றாம் தளத்துப் பக்கப் பெண்கள் கழிவறையைச் சரிசெய்யுங்கள். இந்த முறை எழுத்தெழுத்தாக மூன்று தடவை சரிபார்த்திருந்தார். நடந்து போனவர்களில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பாட்டியம்மா நின்று படித்துவிட்டு, "நியாயம்தானே!" என்று சொல்லிப் போனாள். மாலை ஆறு மணிக்குத் திரையை அணைத்துவிட்டு, நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினார்.

மேலாளர் விலகவில்லை. மன்னிப்பு என்று ஒரு கடிதம் வந்தது. அதில் 'மன்னிப்பு' என்ற சொல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மியோங் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்று காராம் எங்கோ கேள்விப்பட்டுச் சொன்னாள். லாரியால்தானோ என்று தேக்-சுவுக்குச் சில நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஜின்பே செப்டம்பரில் ஓய்வை அறிவித்தான். நாரைகள் கடைசி இடத்தில் முடித்தார்கள்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு ஓக்-ரியேயும் வந்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல்முறை. ஜின்பே மட்டையோடு வந்து நின்றபோது மைதானமே எழுந்து நின்றது. அவன் மூன்று பந்தில் அவுட்டாகித் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். தேக்-சு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பந்தப் பாத்து அடிடா!" என்று கத்தினார். ஸ்கோர் அப்போது எதிரணி எட்டு, நாரைகள் ஒன்று.

ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து போன ஓக்-ரியே திரும்பி வந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி உட்கார்ந்தாள்.

"புதுக் குழாய். ஒரு சொட்டு ஒழுகல. சோப்புகூட வச்சிருக்கான்."

"என் லாரி பண்ணின வேலை" என்றார் தேக்-சு.

அவள் பலகையிலிருந்த ஸ்கோரைப் பார்த்தாள். "கேட்டதுதான் கேட்டீங்க, ஒரு பிட்சரையும் சேத்துக் கேட்டிருக்கக் கூடாதா?"