உள்ளங்கையில் பதின்மூன்று குறிகள்

சாமி உண்டு என்பவன் நான். திருநீறு பூசாமல் வயலில் கால் வைத்ததில்லை. ஆனால் செத்தவர்கள் வந்தார்கள், பேசினார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

என் மனைவி பூங்கொடி, நீடாமங்கலம் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். புயலில் நாலு நாள் போன் வேலை செய்யாமல் போனதிலிருந்து, போன் இல்லாமலே ஊர் விட்டு ஊர் பேசும் ஹாம் ரேடியோ மேல் அவளுக்கு ஆசை. பழைய ரேடியோ ஒன்று வாங்கி, ஏற்கெனவே ஹாம் லைசென்ஸ் வைத்திருந்த ரவி சாரிடம் மோர்ஸ் கற்றுக்கொண்டாள். குட்டை ஒலி, நெட்டை ஒலி, அவற்றைக் கோர்த்தால் ஓர் ஆங்கில எழுத்து. போனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதுபோல் இதிலும் அனுப்பலாம். எழுத்துக்கு எழுத்து சின்ன இடைவெளி விட வேண்டும், இவள் விடுவது ரொம்பப் பெரிசு.

"டீச்சர், உங்க ஒரு எழுத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நான் டீ குடிச்சிட்டே வந்துடலாம்."

"குடிச்சிட்டு வாங்க சார், நான் எங்க போயிடப் போறேன்?"

லைசென்ஸ் பரீட்சை எழுதுவதற்குள் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், விழுங்க முடியாது, வாயில் எதுவும் கொடுக்காதீர்கள் என்றார்கள். அன்று மத்தியானம் என் கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் அழுத்தினாள், நீளமாக, குட்டையாக. மோர்ஸ் என்று தெரிந்தது, படிக்கத் தெரியவில்லை. மருந்துச் சீட்டின் பின்னால் கோடும் புள்ளியுமாகக் குறித்துக்கொண்டேன். பதின்மூன்று. மறுநாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து சீட்டைக் காட்டினேன். ரவி சார் வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, இடைவெளி விடாம ஒரே வரியா எழுதிட்டீங்களே. எங்க வெட்டுறதுன்னே தெரியலையேண்ணே."

அவள் விட்டிருப்பாள். நான்தான் ஒட்டி எழுதிவிட்டேன். அதற்காகவே இந்த வயதில் மோர்ஸ் படிக்க உட்கார்ந்தேன். எப்படியெல்லாமோ வெட்டிப் பார்த்தேன். என் பெயரைத்தான் தேடினேன், கிடைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் நல்ல இடி. பயந்துபோய் ரேடியோவிலிருந்து ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டேன், ரேடியோவை அணைக்க மறந்துவிட்டேன். வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து மெதுவாக ஒரு நெட்டை ஒலி. பெரிய இடைவெளி. பிறகு நாலு குட்டை. மறுபடி பெரிய இடைவெளி. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அது அவள் கைதான். பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டே போனேன்.

தண்ணி.

சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதின்மூன்றும் அதே வரிசை. கையைப் பிடித்துக்கொண்டு அவள் தண்ணீர் கேட்டிருக்கிறாள், நான் ஏதோ பிரியாவிடை என்று குறித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போதே புரிந்திருந்தாலும் கொடுத்திருக்க முடியாதுதான். பஞ்சை நனைத்து உதட்டையாவது ஈரமாக்கியிருப்பேன்.

பக்கத்து ஊரில் யாராவது மோர்ஸ் அடித்துப் பழகியிருப்பார்கள், கிட்ட இருந்தால் ஆன்டெனா இல்லாமலும் கேட்கும் என்கிறார் ரவி சார். இருக்கலாம். அவள் படத்துக்கு முன்னால் தினமும் ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறேன்.

ஆனால் அந்தப் பதின்மூன்றுக்குப் பிறகும் ஒன்று வந்தது. நெட்டை, குட்டை, நெட்டை. அது என் சீட்டில் இல்லை. நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள் சொல்லுங்கள் என்று ரேடியோக்காரர்கள் வைக்கும் குறி அது. அப்புறம் வெறும் இரைச்சல். கேட்க மட்டும்தான் அந்த ரேடியோ, திருப்பி அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை.